ஏழாம் அத்தியாயம்: வேண்டாத எண்ணமும் வேண்டிய தொண்டும்

குழந்தையை மார்போடு அணைத்துப் பாலூட்டிக்கொண்டிருக்கும் தாய்க்கு, ‘இக்குழந்தைக்கு என் கையாலேயே தீங்கு நேர்ந்துவிட்டால்?’ என்று ஓர் எண்ணம் திடுக்கெனத் தோன்றுவதும், கர்ப்பக்கிருகத்தின் எதிரே கைகூப்பி நிற்கும் பக்தருக்கு நாவால் சொல்லக் கூசும் நிந்தைச் சொல் ஒன்று நெஞ்சில் எழுவதும், பெரியோர் கூடிய சபையில் அடக்கத்தோடு அமர்ந்திருப்பவருக்கு, ‘எழுந்து நின்று ஏதேனும் அநாகரிகமாகக் கத்திவிடுவேனோ’ என்ற பயம் உண்டாவதும், மானிட மனத்தின் சாதாரண விருத்திகளே ஆகும். இவற்றை அநுபவிக்காதவர் அரியர். அநுபவித்ததை வாய்விட்டுச் சொன்னவர் அவரினும் அரியர். சொல்லாமையினால் ஒவ்வொருவரும், இவ்விதக் கொடிய நினைவு உலகில் தமக்கு மட்டுமே உண்டாகிறது என்றும், ஆகையால் தாம் ஏனையோரினும் தாழ்ந்தவர் என்றும், பிறருக்கு உதவிசெய்யும் தகுதி தமக்கு இல்லையென்றும் முடிவுகட்டிக்கொண்டு, செய்யக்கூடிய நற்காரியங்களையும் செய்யாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். அம்முடிவு தவறு என்பதையும், எண்ணங்கள் முற்றும் அடங்கும்வரை காத்திராமலே ஒருவர் பிறருக்குப் பயன்படும் தொழிலை மேற்கொண்டு நிறைவடைய முடியும் என்பதையும் எடுத்துக்காட்டி, அதற்குரிய வழிகளை முறையாகச் சொல்வதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

எண்ணம் குற்றமன்று

இலங்கையில் பிறந்து லண்டன் மாநகரத்தில் நெடுங்காலம் பணியாற்றிய பத்மல் டி சில்வா என்னும் மனோதத்துவ அறிஞர், ஸ்டான்லி ராக்மன் என்பவரோடு சேர்ந்து 1978ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். எவ்வித மனநோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் விசாரித்தபோது, அவர்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பேர், வன்முறை, ஆபாசம், தெய்வ நிந்தை முதலியவற்றைப் பற்றிய அழையாத எண்ணங்கள் தமக்கும் தோன்றுவதாக ஒப்புக்கொண்டனர். அவ்வெண்ணங்களின் பொருள், வைத்தியம் பெற்றுவந்த நோயாளிகளின் எண்ணங்களைப் பெரிதும் ஒத்திருந்தது; எத்தனை முறை வருகிறது, எவ்வளவு நேரம் நிலைக்கிறது, எவ்வளவு வேதனை தருகிறது என்பவற்றிலேதான் வேற்றுமை காணப்பட்டது. பின்னர் 13 நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்களை ஆராய்ந்து 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில் இத்தொகை நூற்றுக்குத் தொண்ணூறையும் கடந்தது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. எண்ணம் தோன்றுவது ஒருவருடைய விருப்பத்தைக் காட்டுவதன்று. உண்மையில், எது ஒருவருக்கு மிகவும் அருமையானதோ அதைச் சுற்றியே அவருடைய அச்சங்கள் எழுகின்றன. குழந்தையிடம் பேரன்பு கொண்ட தாய்க்குக் குழந்தையைப் பற்றியும், பக்திமானுக்கு இறைவனைப் பற்றியும், நேர்மையாளருக்குப் பழிபாவத்தைப் பற்றியுமே இவ்வெண்ணங்கள் தோன்றுவதற்கு அதுவே காரணம். எண்ணத்தைக் கண்டு நீங்கள் நடுங்குகிறீர்களே, அந்த நடுக்கமே அவ்வெண்ணம் உங்கள் சுபாவத்துக்கு விரோதமானது என்பதற்குச் சாட்சி.

ஆங்கில நாட்டில் பெட்ஃபோர்டு நகருக்கு அருகே பாத்திரங்களுக்கு ஈயம் பூசிச் சீர்செய்யும் எளிய தொழிலாளராக இருந்த ஜான் பனியன் தமது ஆத்ம சரித்திரத்தை 1666இல் வெளியிட்டார். ‘உன் இரட்சகனை விற்றுவிடு’ என்னும் எண்ணம் ஓராண்டுக் காலம்வரை உண்ணும்போதும் வேலைசெய்யும்போதும் தம்மை விடாமல் துரத்தியதையும், அதை மறுத்து மறுத்து, கைகளாலும் முழங்கைகளாலும் தள்ளுவதுபோல உடம்பையே அசைத்துப் போராடியதையும், போராடப் போராட அது வலுத்ததையும் அவர் அந்நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் அவர் பிரசங்கியானார். பிரசங்க பீடத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும் வேளையிலும் நிந்தைச் சொற்கள் தம் வாயில் வந்துவிடுமோ என்ற அச்சம் தாக்கியதுண்டு என்றும் சொல்கிறார். எனினும் அவர் பிரசங்கத்தை நிறுத்தவில்லை. 12 ஆண்டுகள் சிறையிருந்து, அங்கே காலணி நாடாக்கள் செய்து குடும்பத்தைக் காத்த அவர் 1678இல் வெளியிட்ட பரதேசியின் பயணக் கதைதான், திருநெல்வேலிச் சீமையின் எச். ஏ. கிருஷ்ண பிள்ளைக்கு முதல்நூலாகி, 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் தமிழ்க் காவியமாக மலர்ந்தது. மனம் நிர்மலமான பிறகே பணியைத் தொடங்குவேன் என்று பனியன் காத்திருந்தால், அந்தப் பணி ஒருநாளும் தொடங்கியிராது.

எதிர்த்தால் வளரும்

வேண்டாத எண்ணத்தை வலிந்து அடக்க முயல்வது ஏன் பயன்தருவதில்லை என்பதை டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க அறிஞர் 1987இல் ஓர் எளிய பரீட்சையால் காட்டினார். வெள்ளைக் கரடியைப் பற்றி ஐந்து நிமிஷங்கள் நினைக்கவே கூடாது என்று சிலரிடம் சொல்லி, நினைவு வரும்போதெல்லாம் ஒரு மணியை அடிக்கச் செய்தார். மணி அடங்கவில்லை. அதனினும் வியப்பு, பின்னர் அவர்களுக்குத் தாராளமாக நினைக்கலாம் என்று அநுமதி அளித்தபோது, முதலிலிருந்தே அநுமதி பெற்றவர்களைவிட அவர்களே கரடியை மிகுதியாக நினைத்தனர். ஒன்றை நினைக்கவில்லை என்பதைச் சோதித்துக்கொண்டே இருக்கும் மனம், அச்சோதனையின் பொருட்டே அதனை ஓயாமல் தேட வேண்டியதாகிறது.

நம் கீழ்த்திசை ஞானிகள் இவ்வுண்மையை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். பாலி மொழியில் உள்ள மஜ்ஜிம நிகாயத்தின் இருபதாவது சூத்திரம், தீய எண்ணங்களைத் தணிக்க ஐந்து உபாயங்களை வரிசைப்படுத்துகிறது: அதற்கு மாறான நல்லெண்ணத்தில் மனத்தைச் செலுத்துதல், அவ்வெண்ணத்தின் கேட்டை ஆராய்தல், அதைக் கவனியாது விடுதல், அது தோன்றும் காரணத்தைத் தேடிப் படிப்படியாக அதன் வேகத்தைத் தணித்தல், இவை யாவும் பயன்படாத இடத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மனத்தால் மனத்தை அடக்குதல். பலாத்காரமான அடக்குமுறையைக் கடைசியில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். முன்பு குறிப்பிட்ட பத்மல் டி சில்வாவே இவ்வுபாயங்களை இக்கால உளச்சிகிச்சை முறைகளோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். பதஞ்சலி முனிவர் கூறும் பிரதிபக்ஷ பாவனையும் அவ்வைந்தனுள் முதல் உபாயத்துக்கு இனமானதே.

நாள்தோறும் கைக்கொள்ளும் முறை

முதலாவது, எண்ணம் தோன்றியவுடன் அதற்கு அதன் இயல்பான பெயரைச் சூட்டுங்கள். ‘இது வேண்டாத எண்ணம்’ என்று ஒரே முறை மனத்துக்குள் சொல்லி நிறுத்துங்கள். அது நல்லதா, தீயதா, எங்கிருந்து வந்தது, நான் எப்படிப்பட்டவன் என்று விசாரணை தொடங்க வேண்டாம்.

இரண்டாவது, அதற்குப் பதில் கூறாதீர்கள். ‘நான் அப்படிச் செய்யமாட்டேன்’ என்று நூறு முறை உறுதி சொல்வதும், ‘நான் நல்லவள்தானே?’ என்று கணவரையோ தாயாரையோ திரும்பத் திரும்பக் கேட்பதும், ஒரு தீய நினைவுக்குப் பரிகாரமாக ஒரு நாமத்தை இத்தனை தடவை என்று கணக்குவைத்து உச்சரிப்பதும், சற்று நேர நிம்மதியைத் தந்து அடுத்த சந்தேகத்துக்கு இடங்கொடுப்பன. பிரார்த்தனை வேறு, அச்சத்தால் நடத்தும் பரிகாரம் வேறு. அன்பினால் செய்யும் பிரார்த்தனையை விட வேண்டியதில்லை.

மூன்றாவது, அச்சத்துக்குப் பயந்து வாழ்க்கையைச் சுருக்காதீர்கள். குழந்தைக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சி அரிவாள்மனையைப் பரண்மேல் ஏற்றிவைக்கும் தாய், நாளை கத்தரிக்கோலையும், மறுநாள் குழந்தையைக் குளிப்பாட்டும் பொறுப்பையும் பிறரிடம் ஒப்படைக்கும் நிலைக்கு வந்துவிடுவாள். அஞ்சும் காரியத்தை அச்சத்தோடே, சிறிது சிறிதாகச் செய்துபார்ப்பதே இதற்கு மருந்து. லண்டனில் விக்டர் மேயர் என்ற உளச்சிகிச்சையாளர் 1966இல் வெளியிட்ட முறை இதனை அடிப்படையாகக் கொண்டதே. இவ்வெண்ணங்கள் முற்றி நோயாகும்போது இன்றளவும் அளிக்கப்படும் தலைசிறந்த உளச்சிகிச்சை அதிலிருந்து வளர்ந்ததாகும்.

நான்காவது, எண்ணம் இருக்கும்போதே கையிலுள்ள வேலைக்குத் திரும்புங்கள். ஆடி மாதத்தில் அடுத்த தெரு அம்மன் கோயில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்க, பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் அதை நிறுத்தப் போவதுமில்லை, அதிலுள்ள பாட்டைக் கேட்டு ரசிப்பதுமில்லை. இரைச்சல் இரைச்சலாக இருக்க, தன் கணக்கைத் தான் போடுகிறான். அதுபோல எண்ணத்தை நிறுத்துவதும் உங்கள் பொறுப்பன்று, அதனோடு உரையாடுவதும் உங்கள் கடமையன்று.

கைகளுக்கு ஒரு காரியம்

கடைசியாகச் சொன்ன இந்த நான்காவது முறையையே ஒரு சிகிச்சையாக வளர்த்தவர் ஜப்பான் தேசத்து வைத்தியர் ஷோமா மோரிடா (1874–1938). சிறுவயதில் ஓர் ஆலயத்தில் நரகத்தைச் சித்திரித்த படங்களைக் கண்டு மரண பயத்தால் வாடியவர் அவர். இளமையில் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லப்பட்ட பல உபாதைகளுக்கு ஆளானவர். கல்லூரிப் பரீட்சைக் காலத்தில், மருந்துகளை ஒதுக்கிவிட்டு, உபாதை இருக்கட்டும் என்று துணிந்து படிப்பில் முழுமூச்சாக இறங்கியபோது அவ்வுபாதைகள் தாமே தணிந்ததை அவர் கண்டார். இந்த அநுபவம் அவருடைய பிற்காலக் கொள்கைக்கு வித்தாயிற்று. 1919ஆம் ஆண்டு முதல் தம் இல்லத்திலேயே நோயாளிகளைத் தங்கவைத்து அவர் நடத்திய சிகிச்சை நான்கு படிகளைக் கொண்டது. முதலில் பேச்சும் வாசிப்பும் இன்றித் தனித்துப் படுத்திருந்து, எழும் எண்ணங்களை எழுந்தபடியே விடுதல். அடுத்துத் தோட்டத்தில் இலேசான வேலைகள். பிறகு விறகு பிளத்தல், துப்புரவு, சமையல் போன்ற உழைப்பு. இறுதியில் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்புதல். நோயாளி எழுதும் நாட்குறிப்பை வைத்தியர் படித்துக் குறிப்பெழுதுவார். உணர்ச்சிகளை நம் கட்டளைக்கு உட்படுத்த இயலாது, செய்கைகளை உட்படுத்தலாம், ஆகையால் உணர்ச்சியை உள்ளவாறு ஏற்றுக்கொண்டு, அவ்வேளையில் செய்யவேண்டியதைச் செய்க என்பதே மோரிடாவின் உபதேசத்தின் சாரம்.

செய்கையே வேண்டுவது என்றால், அச்செய்கை பிறருக்கு உதவுவதாக இருப்பதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். வேண்டாத எண்ணத்தால் வருந்துபவரின் பெரிய இடுக்கண், அவருடைய கவனம் முழுவதும் தம்மேலேயே திரும்பிவிடுவது. எதிரில் இருப்பவரின் பசியோ, வலியோ, புரியாத பாடமோ அக்கவனத்தைத் தன்பால் ஈர்க்கிறது. அன்றியும், ‘நான் தீங்கானவன்’ என்ற பொய்க்கு, எத்தனை வாதங்களும் தராத விடையை, பயனடைந்த ஒருவரின் முகம் தந்துவிடுகிறது. உதவி பெறுபவரைவிட உதவுபவரே மிகுதியாக நலம் பெறுவதுண்டு என்னும் கருத்தை ஃபிராங்க் ரீஸ்மன் என்பவர் 1965இல் ஒரு தத்துவமாகவே எடுத்துரைத்தார். அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் 1935இல் இரு குடிநோயாளிகள் சந்தித்து, ஒருவருக்கொருவர் துணைநின்று தொடங்கிய இயக்கம் உலகெங்கும் பரவியிருப்பது இதற்குப் பிரத்தியட்சமான சான்று. மூன்றாண்டுகள் மனநோய் விடுதிகளில் அல்லலுற்ற கிளிஃபர்டு பியர்ஸ் 1908இல் தம் வரலாற்றை எழுதி, அடுத்த ஆண்டே மனநலத்துக்கான தேசியக் குழுவை நிறுவியதும் இவ்வழியே.

எந்தத் தொண்டு உங்களுக்குரியது?

தொண்டு என்றவுடன் பெரிய தியாகங்களை நினைத்து மலைக்க வேண்டாம். பின்வரும் நான்கு லட்சணங்கள் அமைந்த வேலையைத் தொடக்கத்தில் தேடுங்கள்: வாரத்தில் இன்ன நாள், இன்ன நேரம் என்ற ஒழுங்கு உடையதாக இருத்தல், பிறரோடு கூடிச் செய்வதாக இருத்தல், அனுபவம் வாய்ந்த ஒருவரின் மேற்பார்வை இருத்தல், பலன் கண்ணுக்குத் தெரிவதாக இருத்தல்.

இவை பொருந்திய வேலைகள் நம்மைச் சுற்றிலும் உள்ளன. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களை வாசித்துக்காட்டலாம். அவர்களுடைய தேர்வில் ‘சொல்வதை எழுதுபவ’ராக உட்காரலாம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில், தன்னார்வலர்கள், குறிப்பாகப் பெண்கள், மாலை வேளையில் தத்தம் தெருக் குழந்தைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லித்தந்தது நாம் அறிந்ததே, திட்டம் ஒன்றின் துணையில்லாமலும் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைச் செய்யலாம். வடலூரில் வள்ளலார் 1867இல் நிறுவிய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. அத்தகைய அன்னதானக் கூடங்களில் காய் நறுக்கவும், பந்தி பரிமாறவும், பாத்திரம் துலக்கவும் கைகள் எப்போதும் தேவை. கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், தீராநோயாளிகளை வீடு தேடிச் சென்று பார்க்கும் பயிற்சிபெற்ற அயலார்களால் வளர்ந்தது.

பேசுவதைவிடக் கேட்பதில் திறமையுள்ளவர்க்கு ஒரு சிறந்த துறை உண்டு. சாட் வாரா என்னும் ஆங்கிலப் பாதிரியார், 1935இல் தாம் முதன்முதலாக நடத்திய ஈமச்சடங்கு, பூப்பெய்தியதைக் கொடிய நோய் என்று தவறாக எண்ணி உயிரை மாய்த்துக்கொண்ட 14 வயதுச் சிறுமியினுடையது என்பதை மறக்கவில்லை. மனம் திறந்து கேட்க ஒருவர் இருந்திருந்தால் அச்சிறுமி பிழைத்திருப்பாள் என்ற வேதனையே, 1953இல் லண்டனில் அவரைத் தொலைபேசிச் சேவை ஒன்றைத் தொடங்கச் செய்தது. அவரைக் காணக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த சாதாரணத் தொண்டர்களிடம் மனத்திலுள்ளதைக் கொட்டியவர்களுள் பலர், பாதிரியாரைப் பார்க்காமலே ஆறுதலோடு திரும்பினார்கள். அதைக் கண்ட அவர் அடுத்த ஆண்டே பணியைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். கொழும்பின் சுமித்ரயோ 1974இலும், சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா 1986இலும் இவ்வழியில் உருவானவை. ஆனால் இத்தகைய பணிக்குத் தேர்வும் பயிற்சியும் உண்டு. உங்கள் துயரம் இன்னும் புண்ணாக இருக்குமாயின் சற்றுக் காலம் தாழ்த்தி இதில் இறங்குவதே உங்களுக்கும் பிறருக்கும் க்ஷேமம்.

தொண்டையே ஜீவனோபாயமாகக் கொள்ள விரும்புவோர் முறையான கல்வியை நாட வேண்டும். செவிலியர் படிப்பு, சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சி, சமூகப்பணிப் பட்டம் ஆகியவை மூன்று பிரதான வழிகள். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952இல் தோன்றிய சமூகப்பணிக் கல்லூரி இத்துறையில் தலைமுறைகளைப் பயிற்றுவித்திருக்கிறது. சிறப்புக் கல்வியில் சேருமுன், அப்பயிற்சி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சம்பளம் பெறுவதால் தொண்டின் பெருமை குறைந்துவிடாது. வயிறு நிறைந்தவரே நெடுநாள் பணி செய்ய இயலும்.

மூன்று எச்சரிக்கைகள்

தொண்டைப் பிராயச்சித்தமாகச் செய்யாதீர்கள். ‘தீய எண்ணம் வந்துவிட்டது, ஆகையால் இன்று இன்னும் இரண்டு மணி நேரம் உழைத்துக் கழுவாய் தேடுவேன்’ என்று தொடங்கினால், நாமக் கணக்குப்போல அதுவும் மற்றொரு சடங்காகிவிடும். குற்றமே இல்லாத இடத்தில் பிராயச்சித்தத்துக்கு வேலையில்லை.

தொண்டால் எண்ணங்கள் ஒழிந்தனவா என்று அளந்துபார்க்காதீர்கள். மணியடித்த மனிதர்களின் கதிதான் அளப்பவருக்கும் நேரும். வேலை ஒழுங்காக நடந்ததா, ஒருவருக்குப் பயன்பட்டதா என்பதே அளவுகோலாக இருக்கட்டும்.

அளவுக்கு மிஞ்சிச் செய்யாதீர்கள். தூக்கத்தையும் உணவையும் குடும்பத்தையும் இழந்து செய்யும் சேவை சீக்கிரத்தில் சலிப்பாகவும் பின்பு கோபமாகவும் மாறும். இயலாதபோது ‘இம்முறை முடியாது’ என்று பணிவோடு சொல்லப் பழகுங்கள்.

வைத்தியரை நாடும் வேளை

எண்ணங்களும் அவற்றுக்கான பரிகாரங்களும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கவர்ந்துகொண்டாலும், படிப்பையோ வேலையையோ குடும்பத்தையோ குலைத்தாலும், அது எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல உளச்சிகிச்சையும் மருந்துகளும் உள்ளன. அது மன உறுதியின் குறைவன்று. யாரோ கட்டளையிடுவதுபோலக் குரல் கேட்டாலும், தீய எண்ணம் வெறுப்பைத் தராமல் நியாயமாகத் தோன்றினாலும், பிரசவித்த தாய் உறக்கமின்றி நிலைதடுமாறிப் பேசினாலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைவு தலைகாட்டினாலும், ஒருநாளும் தாமதிக்கலாகாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். இந்தியாவில் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும். 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் மனநோய் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய டாக்டர் சாரதா மேனன், மனநோயாளிக்கு மருந்தோடு தொழிலும் மரியாதையும் வேண்டும் என்பதற்காகவே வாழ்நாளெல்லாம் உழைத்தார் என்பதை நினைவிற்கொண்டு, சிகிச்சை பெறுவதும் பணி செய்வதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்று தெளியுங்கள்.

மனம் சுத்தமான பின்பே நற்பணிக்குத் தகுதி உண்டாகும் என்று கருதி ஆண்டுகளை வீணாக்கியவர் பலர். அவ்வரிசையில் நீங்கள் சேர வேண்டாம். உங்களை மதிப்பிட வேண்டிய இடம் உங்கள் செய்கை. ஆகவே, இவ்வாரத்திலேயே, உங்கள் ஊரில் உங்களால் இயன்ற ஒரு வேலையைத் தேர்ந்து, அதற்கு ஒரு நாளையும் நேரத்தையும் குறித்து, உடன் செய்பவர் ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிடுங்கள். குறித்த நாளில் அவ்வெண்ணம் வந்தாலும் வாராவிட்டாலும், குறித்த நேரத்தில் அங்கே போய்ச் சேருங்கள்.